பங்காளிச் சண்டைக்கு நன்றி

“மூன்று அண்ணன் தம்பிகள் கப்பலேறி வந்தார்கள். ஒருவர் பாஸ்டனிலேயே தங்கிவிட்டார். இன்னொருவர் தெற்கே வர்ஜீனியாவுக்குப் போனார். மூன்றாமவர் மேற்கே போனவர்தான், அதன்பின் தகவலே இல்லை.”

வம்சாவளி தேடித் தரச்சொல்லி என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தக் கதையோடுதான் வருகிறார்கள். குடும்பப் பெயர் மாறும். அண்ணன் தம்பிகளின் எண்ணிக்கை மட்டும் மாறாது. ஒரே பெயர் நாட்டின் வெவ்வேறு மூலைகளில் ஏன் இருக்கிறது என்று பேரன் கேட்டபோது எந்தக் காலத்துத் தாத்தாவோ சொல்லிவைத்த சமாதானம் அது. கூடவே சில கிளைக்கதைகளும் வரும். கப்பல் மேஃப்ளவராகத்தான் இருக்க வேண்டும். கொள்ளுப்பாட்டிகளில் ஒருத்தி பூர்வகுடித் தலைவர் ஒருவரின் மகள். இங்கிலாந்தில் குடும்பத்துக்குக் கோட்டையும் கேடயச் சின்னமும் இருந்தன.

எல்லாவற்றையும் குறித்துக்கொள்வேன். மறுத்துப் பேசமாட்டேன். கடைசியில் ஒன்று கேட்பேன்: “உங்கள் குடும்பத்தில் சொத்துத் தகராறு ஏதாவது நடந்ததாகக் கேள்விப்பட்டதுண்டா?” வந்தவரின் முகம் இறுகிவிடும். நல்ல குடும்பம், அப்படியெல்லாம் எதுவும் கிடையாது என்பார். அப்படியானால் வேலை கடினம்தான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன்.

அப்பா கும்பகோணத்தில் பத்திர எழுத்தர். நான் சட்டம் படித்து ஒரு வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தபோது என் தலையில் விழுந்த வேலை வில்லங்கம் பார்ப்பது. தாய்ப்பத்திரத்தில் தொடங்கி, கைமாறிய பத்திரங்களை வரிசையாகக் கோத்து, எந்த வாரிசு கையெழுத்துப் போடாமல் விட்டிருக்கிறார் என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணமாகி மாசசூசெட்ஸ் வந்தபின், அங்கே வக்கீலாக இருக்க என் பட்டம் போதவில்லை. கிடைத்தது, வீடு வாங்குகிறவர்களுக்காக நில உரிமைத் தொடர்ச்சியைச் சரிபார்க்கும் வேலை. பாஸ்டனுக்கு வடக்கே, சேலம் நகரத்தில் எஸ்ஸெக்ஸ் கவுண்டியின் பத்திரப் பதிவகம் இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கிக்கு ஐம்பது வருடத் தொடர்ச்சி இருந்தால் போதும். ஆனால் அங்கே ஏடுகள் அதோடு நிற்பதில்லை. நிலக் கிரயத்தைப் பதியவேண்டும் என்று மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1640லேயே சட்டம் செய்துவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பின்னோக்கிப் புரட்ட ஆரம்பித்தவள், அப்படியே அந்தப் பக்கமே போய்விட்டேன்.

ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பா கேட்டார்: “ஏம்மா, வெள்ளைக்காரனுக்குப் பாட்டன் யாருன்னு கண்டுபிடிச்சுக் குடுக்கவா ஒன்னைச் சட்டம் படிக்க வச்சோம்?”

“வேலை அதேதான் பெரியப்பா. கட்சிக்காரங்க செத்து முந்நூறு வருஷம் ஆச்சு, அவ்வளவுதான்” என்றேன்.

விளையாட்டாகச் சொன்னாலும் உண்மை அதுதான். பிற்காலத்தில் யாரோ நம்மைத் தேடுவார்கள் என்று நினைத்து யாரும் எதையும் எழுதி வைக்கவில்லை. நிலம், கடன், பங்கு, வழக்கு, அபராதம் இவற்றுக்காக எழுதியவைதான் மிஞ்சியிருக்கின்றன. வேறு காரணத்துக்காக எழுதப்பட்ட தாளில் உறவைப் படிப்பதுதான் இந்தத் தொழில்.

நியூ இங்கிலாந்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதிர்ஷ்டம் அதிகம். 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த பயணிகள் 102 பேர். முதல் குளிர்காலத்திலேயே பாதிப்பேர் செத்துப்போனார்கள். அதிலிருந்து 1640 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் நியூ இங்கிலாந்து வந்தார்கள். பெரும்பாலும் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள். அதன்பின் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு வரத்து அடங்கிவிட்டது. கூட்டம் சிறியது, பிள்ளைகளோ ஏராளம். அதனால்தான் இன்று கோடிக்கணக்கானவர்கள் சுற்றிச் சுற்றி அதே சில ஆயிரம் குடும்பங்களில் வந்து முட்டுகிறார்கள். இந்த இருபதாயிரம் பேரை ஒவ்வொருவராக ஆராய்ந்து எழுதும் திட்டத்தை ராபர்ட் சார்லஸ் ஆண்டர்சன் 1988இல் தொடங்கினார். தடித்தடியான அந்தத் தொகுதிகள் இல்லாமல் இங்கே யாரும் முதல் அடி எடுத்துவைப்பதில்லை.

பிறப்பு, இறப்பு, திருமணத்தைப் பதியவேண்டும் என்ற சட்டம் மாசசூசெட்ஸில் 1639இலேயே வந்துவிட்டது. அங்கே குடியேறிய பியூரிட்டன் மதப்பிரிவினருக்குத் திருமணம் சர்ச் சடங்கல்ல, ஒப்பந்தம். மாஜிஸ்திரேட் முன்னிலையில் நடந்தது. மேஃப்ளவரில் வந்தவர்கள் குடியேறிய பிளிமத்தில் நடந்த முதல் திருமணம் 1621 மே மாதம். மணமகன் எட்வர்ட் வின்ஸ்லோ, மணமகள் சூசன்னா வைட். இருவருமே அந்தக் குளிர்காலத்தில் துணையை இழந்தவர்கள். ஆகவே அந்தக் காலத்துத் திருமணத்தை சர்ச் ஏட்டில் தேடிக்கொண்டிருப்பவர் தேடிக்கொண்டேதான் இருப்பார்.

1902இல் மாசசூசெட்ஸ் அரசு இன்னொரு சட்டம் செய்தது. அதன் ஊக்கத்தில், 1850க்கு முந்தைய பதிவுகள் ஊர்வாரியாக அச்சில் வந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு இப்படிப் புத்தகம் இருக்கிறது. பெரிய உதவிதான், அதிலே ஒரு கண்ணியும் உண்டு. அச்சிட்டவர்கள் எல்லாப் பெயர்களையும் அகர வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். மூல ஏட்டிலோ பல எழுத்தர்கள் ஒரு தகப்பனின் பிள்ளைகளை எல்லாம் ஒரே பக்கத்தில், ஒரே மையில், ஒரே உட்காரலில் எழுதியிருப்பார்கள். வேறு ஊரிலிருந்து குடிவந்தவர் தன் பிள்ளைகளின் பிறந்த நாள்களை மொத்தமாகச் சொல்லிப் பதிந்துகொண்டார் என்பது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் விளங்கும். அச்சுப் புத்தகத்தில் அது விளங்காது. எனவே மூல ஏட்டின் படத்தைப் பார்க்காமல் நான் எதையும் எழுதுவதில்லை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை அது. நாளடைவில் காகிதத்தையே தின்றுவிடும். சில பக்கங்களில் எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவத்தில் ஓட்டை இருக்கும்.

புதிதாக வருகிறவர்களை முதலில் கவிழ்ப்பது தேதி. 1752 வரை இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் ஆண்டு பிறந்தது ஜனவரி 1 அன்று அல்ல, மார்ச் 25 அன்று. ஒரு தம்பதிக்கு 1690 ஏப்ரலில் கல்யாணம், 1690 பிப்ரவரியில் முதல் குழந்தை என்று ஏட்டில் இருக்கும். படிக்கிறவர் மூக்கில் விரல் வைப்பார். அவர்கள் கணக்கில் அந்த பிப்ரவரி, ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்து வருவது. குழந்தை ஒழுங்காகத்தான் பிறந்திருக்கிறது. இந்தக் குழப்பத்துக்காகத்தான் ஜனவரி முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1690/91 என்று இரட்டையாக எழுதுகிறோம். 1752இல் காலண்டரை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்தபோது குறிக்கப்பட்ட தேதி பிப்ரவரி 11. இன்று அவருடைய பிறந்தநாளாகச் சொல்லப்படுவது பிப்ரவரி 22. குவேக்கர் மதப்பிரிவினர் மாதங்களுக்குப் பெயரே சொல்லமாட்டார்கள், எண்தான். அவர்களுடைய முதல் மாதம் 1752க்கு முன்பு மார்ச், பின்பு ஜனவரி.

அடுத்த பள்ளம் பெயர். ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். சீனியர், ஜூனியர், மூன்றாமவர் என்று எழுத்தர் பிரித்துக் காட்டுவார். அவர்கள் அப்பா, பிள்ளை, பேரன் என்று எடுத்துக்கொண்டால் கதை கந்தல். சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம். ஒட்டு உறவே இல்லாதவர்களாகவும் இருக்கலாம். வயதில் மூத்தவர் சீனியர், அவ்வளவே. அவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார், மூன்றாமவர் ஜூனியராவார். ஆகவே 1700இல் ஜூனியராக இருந்தவரும் 1710இல் ஜூனியராக இருந்தவரும் வேறு வேறு ஆள்களாக இருக்கலாம். இவர்களைப் பிரிக்க நான் பெயரைப் பார்ப்பதே இல்லை. மனைவி பெயர் என்ன, நெசவாளியா பீப்பாய் செய்கிறவரா, கையெழுத்துப் போட்டாரா கைநாட்டு வைத்தாரா, நிலத்தின் நான்கெல்லையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்பேன். பெயர்களை ஒட்டுவது யாருக்கும் வரும். தப்பாக ஒட்டியதைப் பிரித்தெடுப்பதில்தான் பிழைப்பு இருக்கிறது.

பெண்களுக்கு இந்த அளவு வசதியும் இல்லை. 1700க்கு முன் நியூ இங்கிலாந்தில் நடந்த திருமணங்களை கிளாரன்ஸ் ஆல்மன் டோரி என்பவர் வாழ்நாள் முழுக்கக் கையால் எழுதித் தொகுத்தார். ஏறத்தாழ 37,000 தம்பதிகள். அதில் மனைவியின் பிறந்தவீட்டுப் பெயர் வரவேண்டிய இடத்தில் எத்தனையோ வரிகளில் வெறும் கோடுதான். எங்களைப் போன்றவர்கள் காலந்தள்ளுவது அந்தக் கோடுகளை நம்பித்தான்.

அப்படி ஒரு கோட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் மூதாதைப் பாட்டி ஹன்னா. 1690களில் கல்யாணமானவள். எட்டுப் பிள்ளைகளின் பிறப்பு வரியிலும் தகப்பன் பெயர், பக்கத்தில் ‘அவர் மனைவி ஹன்னா’. அதற்குமேல் எதுவும் இல்லை. பக்கத்து ஊரில் அதே வயதில், நல்ல வசதியான வீட்டில் ஒரு ஹன்னா இருந்தாள். வாடிக்கையாளரின் அத்தை வரைந்து வைத்திருந்த வம்சாவளியில் அந்த ஹன்னாவைப் பிடித்து இங்கே பொருத்தியிருந்தார்கள். அந்த வீட்டின் வழியாக மேஃப்ளவர் வரை போய்விடலாம் என்பதால் வந்த ஆசை. நான் அந்த வசதியான தகப்பனின் உயிலை எடுத்துப் பார்த்தேன். மகள் ஹன்னாவுக்கு அவர் கொடுக்கும் பங்கு எழுதியிருந்தது. கூடவே அவள் கணவன் பெயரும். அது வேறு ஆள். மேஃப்ளவர் அத்தோடு கரை தட்டிவிட்டது.

மிஞ்சியது, நம் ஹன்னாவின் கணவருடைய பத்திரங்கள். அவர் வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். நெசவாளி, பெரிய சொத்தில்லை. ஆனால் 1724இல் நியூபரிப் பக்கம் உப்புச் சதுப்பில் ஏழில் ஒரு பங்கை விற்றிருக்கிறார். கடலோரச் சதுப்பில் விளையும் புல் மாட்டுக்கு நல்ல தீவனம். அதனால் அந்தச் சேற்றுக்கும் விலை உண்டு. வாங்கியதாகப் பத்திரமே இல்லாத சதுப்பை அவர் எப்படி விற்றார்? பத்திரத்தில் ஹன்னாவும் விற்பவராகவே சேர்ந்து கைநாட்டு வைத்திருந்தாள். கணவன் தன் நிலத்தை விற்கும்போது, விதவைப் பங்கை விட்டுக்கொடுப்பதாக மனைவி ஒப்புக்கொள்வது வழக்கம். இது அந்த ரகமல்ல. சொத்து அவள் வழி வந்தது.

ஏழில் ஒன்று என்ற எண் எனக்குப் போதுமான துப்பு. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால் மாசசூசெட்ஸ் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒன்று. மீதியைப் பிள்ளைகளுக்குப் பிரிக்கும்போது மூத்த மகனுக்கு இரட்டைப் பங்கு. பைபிளின் உபாகமத்திலிருந்து எடுத்த விதி. பெண்பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. ஆக ஏழு பங்கு என்றால் ஆறு பிள்ளைகள். சதுப்பின் நான்கெல்லையை வைத்து அதன் பழைய உடைமையாளரைத் தேடினேன். 1718இல் உயில் எழுதாமல் இறந்த ஒருவர். ஊர்ப் பதிவேட்டில் அவருக்கு நான்கு பிள்ளைகள்தான் இருந்தார்கள். ஹன்னா என்று யாரும் இல்லை. பாகப்பிரிவினைத் தாளும் காணாமல் போயிருந்தது. கணக்குப்படி இரண்டு பிள்ளைகள் குறைகிறார்கள்.

அங்கேதான் பங்காளிச் சண்டை கைகொடுத்தது. மூத்த மகன் மச்சான்மேல் வழக்குப் போட்டிருக்கிறார். கல்யாணத்தின்போதே இரண்டு மாடும் ஓர் இறகு மெத்தையும் கொடுத்தாயிற்று, அதைப் பங்கில் கழிக்காமல் முழுசாக வாங்கிக்கொண்டார் என்பது புகார். வழக்குக் கட்டில், மடித்து மடித்துச் சிட்டையளவு ஆன தாளில், பக்கத்து வீட்டுக் கிழவியின் வாக்குமூலம் இருந்தது. வயது சுமார் எழுபது. இறந்தவர் தன் மகள் ஹன்னாவைக் கட்டிக்கொடுத்தபோது அந்த மெத்தை மாட்டுவண்டியில் ஏறி நெசவாளி வீட்டுக்குப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக் கைநாட்டு வைத்திருந்தாள். தகப்பன், மகள், மருமகன் மூவரும் ஒரே வாக்கியத்தில். எட்டுப் பிரசவமும் முப்பது வருடக் குடித்தனமும் எழுதி வைக்காத ஒன்றை, இறகு மெத்தைக்கான சண்டை எழுதி வைத்தது. அண்ணனும் மச்சானும் ஒற்றுமையாக இருந்திருந்தால் ஹன்னா இன்றைக்கும் கோடுதான்.

அதிலிருந்து வாக்குமூலங்களில் எனக்குத் தனிப் பிரியம். சாட்சி சொல்கிறவரின் வயதை எழுதுவது வழக்கம் என்பதால், பிறப்புப் பதிவு இல்லாதவருக்கும் பிறந்த வருடம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். சுமார் என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வயது பத்துப் பத்தாகவே ஏறும்.

வாடிக்கையாளருக்கு அறிக்கை கொடுத்தபோது அவர் முகம் விழுந்துவிட்டது. மேஃப்ளவர் வழித்தோன்றல் சங்கம் 1897இல் ஏற்பட்டது. ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆதாரம் கேட்பார்கள். அதில் சேர விண்ணப்பம் எழுதித் தயாராக வைத்திருந்தார். அதனால்தான் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுகிறேன்: கூலி தேடுவதற்கு, கிடைப்பது எதுவோ அதுதான் கிடைக்கும்.

கேட்டதைக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் உண்டு. குஸ்டாவ் அன்ஜோ என்பவர் 1863இல் ஸ்வீடனில் பிறந்தவர்; பத்திரத்தில் மோசடி செய்ததற்காக அங்கே சிறைக்குப் போனவர். பெயரை மாற்றிக்கொண்டு நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டில் உட்கார்ந்து, பணக்கார அமெரிக்கக் குடும்பங்களுக்கு வம்சாவளி எழுதிக்கொடுத்தார். ஒரு வம்சாவளிக்கு 9,000 டாலர் வரை வாங்கியிருக்கிறார். கைவேலை நேர்த்தியானது. அடுக்கடுக்காக உண்மையான உயில்கள், உண்மையான சர்ச் பதிவுகள்; வேண்டிய இடத்தில் மட்டும், எங்கே இருக்கிறது என்று சொல்லாத ஓர் ஆவணம். அந்த ஓர் இணைப்பில் எஸ்ஸெக்ஸ் குடியானவன் ஆங்கிலப் பிரபுவின் பேரனாகிவிடுவான். 1942இல் அவர் இறந்துவிட்டார், வம்சாவளிகள் சாகவில்லை. இன்றும் அவற்றின் நகலை யாராவது பெருமையாகக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறார்கள்.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் கனெக்டிகட்டின் டொனால்ட் லைன்ஸ் ஜேகபஸ். 1922இல் நியூ ஹேவன் குடும்பங்களுக்கென்று அவர் தொடங்கிய இதழ், பின்னர் ‘தி அமெரிக்கன் ஜீனியலஜிஸ்ட்’ ஆனது. அச்சில் வந்துவிட்டதாலேயே ஒன்று உண்மையாகிவிடாது, ஒவ்வொரு இணைப்புக்கும் அந்தக் காலத்துத் தாள் வேண்டும் என்று அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் விடாப்பிடியாக நின்றார்கள். இப்போது டிஎன்ஏ பரிசோதனை வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கிறது, உதவியும் செய்கிறது. ஆனால் பத்துத் தலைமுறை பின்னே போனால் 1,024 முன்னோர்கள். அவர்களில் பலரிடமிருந்து நமக்கு ஒரு துணுக்கும் வந்துசேர்ந்திருக்காது. தாளை யாரும் தள்ளிவிட முடியாது.

நியூ ஹேவன் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு யேல் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பப் பெயர் கொண்டவர்கள் அமெரிக்காவில் நிறைய. மதராஸ் கவர்னரின் வம்சம் நாங்கள் என்று சொல்லிக்கொள்வதும் உண்டு. அந்தக் கவர்னர் எலிஹூ யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர்தான். மூன்று வயதுபோலிருக்கும்போதே பெற்றோர் அவரை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. மதராஸ் கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயப் பதிவேட்டின் முதல் திருமணம் 1680 நவம்பரில் அவருக்கும் கேத்தரின் ஹின்மர்ஸ் என்ற விதவைக்கும் நடந்தது. அவர்களுடைய மகன் டேவிட் குழந்தையிலேயே இறந்து மதராஸிலேயே புதைக்கப்பட்டான். கல்லறை எழுப்பப்பட்டது, பின்னாளில் சென்னைச் சட்டக் கல்லூரி வந்த இடத்தில். பெயரைக் கொண்டுபோக அவருக்கு ஆண் வாரிசு தங்கவில்லை, பெண்கள்தான். அமெரிக்க யேல்களில் பெரும்பாலோர் நியூ ஹேவனிலேயே தங்கிவிட்ட அவருடைய சித்தப்பா தாமஸின் வழியில் வந்தவர்கள். இதைச் சொன்னால் பலருக்கு வருத்தம். கவர்னர் தாத்தா போய், ஊரோடு கிடந்த தாத்தா வந்துவிடுகிறார்.

தெற்கே போனால் வருத்தப்படவும் தாள் இருக்காது. வர்ஜீனியாவின் சில கவுண்டிகளை நாங்கள் ‘எரிந்த கவுண்டிகள்’ என்றே சொல்வோம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ஹனோவர் போன்ற கவுண்டிகள் பத்திரமாக இருக்கட்டும் என்று தங்கள் ஏடுகளைத் தலைநகர் ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865 ஏப்ரலில் ரிச்மண்டே எரிந்தது. அங்கே நான் அடுத்த கவுண்டியின் வழக்குகளையும், தனியே தப்பித்த நிலப் பட்டா ஏடுகளையும் வைத்துத்தான் சுற்றி வளைக்க வேண்டும். ஓர் ஆளைக் கப்பல் கூலி கொடுத்து அழைத்துவந்தால் தலைக்கு 50 ஏக்கர் என்பது வர்ஜீனியாவின் பழைய விதி. அதனால் பட்டாவில், யார் யாரைக் காட்டி அந்த நிலம் வாங்கப்பட்டது என்று பெயர்ப்பட்டியல் இருக்கும். 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்ற பெருநிலக்காரர் காட்டிய பட்டியலில் ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஒருவர் வருகிறார். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. 50 ஏக்கருக்குக் கணக்கு காட்டத் தேவைப்பட்டது அவ்வளவுதான்.

அந்தப் பட்டியலைப் படித்த பிறகு, அதுவரை நான் தாண்டிப் போய்க்கொண்டிருந்த வரிகளில் கண் நிற்க ஆரம்பித்தது. நான் வேலை பார்த்த சேலத்திலேயே, வில்லியம் பென்ட்லி என்ற பாதிரியார் 1790 டிசம்பரில் தம் நாட்குறிப்பில் மதராஸிலிருந்து வந்த ஒருவரைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். நிறம், முடி, உயரம் எல்லாம் இருக்கிறது. பெயர் இல்லை.

சொத்து இல்லாதவர்களுக்குத் தாள் கிடையாதா என்றால், உண்டு. அவர்களே விரும்பியிருக்க மாட்டார்கள் என்பதுதான் விஷயம். வெளியூரிலிருந்து வந்த ஏழை ஊரில் நிலைத்துவிட்டால் அவரைப் பராமரிக்கும் செலவு ஊர் தலையில் விழும். அதனால் நியூ இங்கிலாந்து ஊர்கள், வந்து சேர்ந்தவர்களுக்கு ‘போய்விடு’ என்று எச்சரிக்கை கொடுத்து, கொடுத்ததையும் பதிந்துவைத்தன. பாஸ்டனில் 1765 முதல் 1774 வரை இந்த வேலையைப் பார்த்தவர் ராபர்ட் லவ். அந்த ஒன்பது வருடத்தில் ஏறத்தாழ 4,000 பேரை எச்சரித்தார். எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எப்போது வந்தார்கள், யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதினார். வாழ்நாளில் ஒரு முழம் நிலம் வாங்காத குடும்பத்தின் முந்தைய ஊர் எது என்பதற்கு, துரத்திய தாள்தான் பல சமயம் ஒரே சாட்சி.

அடிமைகளுக்கு அதுவும் இல்லை. இறந்தவரின் சொத்துப் பட்டியலில்தான் அவர்களைப் பார்க்கிறேன். உழவு மாடு ஒரு ஜோடி, சுவர்க் கடிகாரம் ஒன்று, அடுத்த வரியில் ஒரு பெண்ணின் முதல் பெயர், எதிரே விலை. தெற்கில்தான் அப்படி என்று வாடிக்கையாளர்கள் நினைக்கிறார்கள். மாசசூசெட்ஸிலும் அப்படித்தான். எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண் 1781இல் நீதிமன்றம் போய் விடுதலை வாங்கியதும், அதையொட்டி வந்த வழக்குகளும் சேர்ந்துதான் இங்கே அடிமை முறையை முடித்துவைத்தன. நான் முன்பு சொன்ன, ஊர்வாரியாக அச்சிட்ட பதிவுப் புத்தகங்களில் பலவற்றில், அகர வரிசையெல்லாம் முடிந்த பிறகு கடைசியில் ‘நீக்ரோக்கள்’, ‘இந்தியர்கள்’ (பூர்வகுடிகள்) என்று தனித் தலைப்பு போட்டு அவர்களை ஒதுக்கியிருப்பார்கள். மூல ஏடுகள் பலவற்றில் அவர்கள் மற்றவர்களின் நடுவில்தான் இருந்தார்கள். ஒதுக்கியது இருபதாம் நூற்றாண்டு. பெயர் தேடுகிறவர் அகர வரிசையில் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

இதனால் என் அறிக்கைகளில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. கடைசியில் பின்னிணைப்பு ஒன்று இருக்கும். வாடிக்கையாளரின் முன்னோருக்காக நான் புரட்டிய தாள்களில் வந்த அடிமைகள், பூர்வகுடிகள், ஒப்பந்த வேலைக்காரர்கள், ஊரைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் எல்லோருடைய பெயரும், தேதியும், எந்த ஏட்டில் எந்தப் பக்கம் என்பதும் அதில் இருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை. வாடிக்கையாளருக்குக் கொடுப்பதோடு அந்த ஊர் நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுகிறேன். தாத்தாவின் சொத்துப் பட்டியல் அறிக்கையில் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டவர்கள் உண்டு. தாத்தா யார் என்பதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம் என்றால், அதில் எழுதியிருப்பது அத்தனையும் ஆதாரம்தான் என்று பதில் சொல்வேன். சிலர் புரிந்துகொண்டார்கள். சிலர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

பங்கு கேட்டுச் சண்டை போட வழியிருந்தவர்களின் வம்சத்தை எப்படியும் யாராவது தேடி எடுத்துவிடுவார்கள். கூலி கொடுக்க ஆள் இருக்கிறது. அந்த வழி இல்லாதவர்கள் அடுத்தவரின் சண்டைத் தாளில்தான் ஒரு வரி எட்டிப் பார்க்கிறார்கள். கண்ணில் பட்டபோதே அதை எழுதிக்கொண்டுவிட வேண்டும். அடுத்து அந்தக் கட்டைப் பிரிக்கிறவரும் வேறு யாருடைய தாத்தாவையோ தேடித்தான் வந்திருப்பார்.